ஆன் ஆகாத வீட்டுக் கம்ப்யூட்டர்: ஃபார்மேட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை (சேலம், ஏற்காடு வீடுகளுக்கு)

"கம்ப்யூட்டர் ஓப்பனே ஆகமாட்டேங்குது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து விதமான பழுது இருக்கிறது. விளக்கே எரியாத பெட்டி ஒன்று. ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பது இன்னொன்று. விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் முடிவில்லாமல் சுற்றுவது முற்றிலும் வேறு. எதையும் பார்க்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பல நேரம் முதலில் நடப்பது ஃபார்மேட்தான். கல்யாண போட்டோ, தறிக் கணக்கு, டேலி பேக்கப் எல்லாம் அதோடு போய்விடும். ராம் (மதர்போர்டில் செருகும் நினைவக அட்டை) கழன்றிருந்த பெட்டியை எத்தனை தடவை ஃபார்மேட் செய்தாலும் அது ஆன் ஆகாது.

அதனால் முதல் வேலை, எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) மின்சாரம் கொடுக்கிறது. மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய அட்டை) விழித்து, பிராசஸர், ராம், டிஸ்ப்ளே மூன்றையும் சோதிக்கிறது. பிறகு பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) டிஸ்க்கைத் தேடுகிறது. டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் கடைசியாகத்தான் வருகிறது. இந்த வரிசையில் எதுவரை போய் நிற்கிறதோ, அங்கிருந்து பார்க்கத் தொடங்குங்கள். முன்னால் இருப்பது சரியில்லாமல் பின்னால் இருப்பதைத் தொடாதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 1 அங்குல பெயிண்ட் பிரஷ், பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர், சிஆர் 2032 பட்டன் செல் ஒன்று, 8 ஜிபி பென் டிரைவ். பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். கோடையில் காற்று வறண்டிருக்கும்போது உடம்பில் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) சேரும். ராமைத் தொடும் முன் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கே எரியவில்லை

இங்கே பெட்டியைத் திறக்க அவசரப்படாதீர்கள். சுவரில் இருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயிண்டில் டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் யுபிஎஸ்ஸையும் ஒதுக்கிவிட்டு, பவர் கார்டை நேராகச் சுவர் பாயிண்டில் செருகுங்கள். இதிலேயே ஆன் ஆகிவிட்டால் குற்றவாளி யுபிஎஸ்.

வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். பொதுவாக இரண்டு மூன்று வருஷம் வரும். வெப்பம்தான் அதற்கு எமன். 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், சித்திரை வெயிலில், டேபிளுக்கு அடியில் காற்றில்லாமல் கிடக்கும் யுபிஎஸ் சீக்கிரம் போவதில் ஆச்சரியம் இல்லை. பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் சில மாடல்கள் கரண்ட் இருக்கும்போதுகூட ஆன் ஆகாது. பேட்டரியைக் கழற்றி ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. சார்ஜ் ஏற்றிய பிறகும் 12-க்குக் கீழே இருந்தால் மாற்ற வேண்டியதுதான். புது யுபிஎஸ் வாங்கத் தேவையில்லை, பேட்டரி மட்டும் போதும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டியிருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்களோடு சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போகாது. கரண்ட் போகும் அந்த நொடியில் பெட்டி அணைந்துவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடுத்து வோல்ட்டேஜ். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் 230-க்குப் பக்கத்தில் வர வேண்டும். கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டை பக்கம் தறி ஓடும் வீடுகளில், மோட்டார் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்தியபின் ஒரு தடவை அளங்கள். தறி ஓடும் லைனிலேயே கம்ப்யூட்டரும் இருந்தால் தனி சர்க்யூட் இழுத்துவிடுவது நல்லது. மிக்ஸி போட்டதும் விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் அது நியூட்ரல் லூஸாக இருப்பதன் அறிகுறி. அப்போது வோல்ட்டேஜ் 300-ஐத் தாண்டிப் போகக்கூடும். கம்ப்யூட்டர், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு உடனே எலக்ட்ரீஷியனையோ ஈபி லைன்மேனையோ கூப்பிடுங்கள்.

பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் எர்த் கிடைக்காதபோது பெட்டியை ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் யுஎஸ்பி போர்ட்டும் பிரிண்டரும் அதில்தான் அடிவாங்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதோடு விட்டுவிடாமல், பாயிண்ட் வரை எர்த் ஒயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளைதான்.

எஸ்எம்பிஎஸ் சோதனை

சுவர் வரை எல்லாம் சரி, ஆனால் பெட்டிக்கு உயிரில்லை. இப்போது பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கும்போது விளக்குமாறு பட்டு ஆஃப் ஆகியிருப்பது சாதாரணமாக நடக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-லேயே இருக்க வேண்டும்.

முன்பக்கப் பட்டனே கெட்டுப்போயிருக்கலாம். மதர்போர்டின் ஓரத்தில், முன்பக்க ஒயர்கள் வந்து சேரும் இடத்தில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு இணையுங்கள். ஆன் ஆனால் பட்டனை மட்டும் மாற்றினால் போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால், பிளக்கை உருவிவிட்டு மதர்போர்டில் இருந்து 24 பின் கனெக்டரையும், பிராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும், டிஸ்க் ஒயர்களையும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்து, பிறகு பிளக்கைச் செருகுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் எழுகிறது. சுற்றாவிட்டால் பெரும்பாலும் அதுதான் பழுது. எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்றால் இந்தச் சோதனையைக் கடையில் விட்டுவிடுங்கள்.

ஃபேன் சுற்றிவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. சுமை இல்லாமல் எழுகிற எஸ்எம்பிஎஸ், சுமை ஏறியதும் படுத்துவிடும். பெட்டி ஆன் ஆகும் நிலையில் இருந்தால், சும்மா தொங்கும் பழைய 4 பின் டிஸ்க் கனெக்டரில் (மோலெக்ஸ்; பிராசஸருக்குப் போவது அல்ல) மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளங்கள். மஞ்சள், கறுப்புக்கு நடுவே 11.4 முதல் 12.6 வரை. சிவப்பு, கறுப்புக்கு நடுவே 4.75 முதல் 5.25 வரை. இதற்கு வெளியே போனால் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு அடையாளம் முக்கியமானது. காலையில் முதல் அழுத்தலில் ஆன் ஆகாது. நாலைந்து தடவை அழுத்தினால் ஆகும், அதன்பின் நாள் முழுக்க நன்றாக ஓடும். இது வயதான கப்பாசிட்டர்களின் வேலை. குளிரில் அவை இன்னும் மந்தமாகும். அதனால்தான் மார்கழிக் காலையில் ஏற்காட்டில் இந்தப் புகார் கூடுகிறது. மதர்போர்டில் கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அங்கேதான் பிரச்சினை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதன் பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பல்லி உள்ளே போய்ச் செத்துக் கிடந்தாலும் அதை எடுப்பது மெக்கானிக் வேலை. புது எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டிக்கரில் மட்டும் 450 வாட் போட்ட மலிவுச் சரக்கு, மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் வரவில்லை. மானிட்டர் கேபிள், மானிட்டரின் இன்புட் தேர்வு இரண்டையும் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டு போர்ட்டில் அல்ல. பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருக்கும் இன்டெல் மாடல்களுக்கு மதர்போர்டு போர்ட்டில் படமே வராது.

விளக்கு மாறவில்லை என்றால் ராமில் தொடங்குங்கள். திரை கறுப்பானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். செய்யும் முறை இது:

1. பிளக்கை உருவி, பட்டனை 10 விநாடி அழுத்திவிட்டு, ராமின் இரு முனைக் கிளிப்பையும் விலக்கி நேராக மேலே எடுங்கள்.
2. தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் கிட்டேயே போக வேண்டாம், பூச்சு போய்விடும்.
3. ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.
4. ஒரே ஒரு ராமை மட்டும், பிராசஸரில் இருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில், இரு பக்கமும் "டக்" என்று கேட்கும் வரை அழுத்துங்கள். வரவில்லை என்றால் அடுத்த ஸ்லாட், பிறகு அடுத்த ராம்.

டிடிஆர் 5 ராம் உள்ள புது கம்ப்யூட்டர்கள், ராமைக் கழற்றி மாட்டியபின் முதல் தடவை ஆன் ஆகும்போது சில நிமிடம் கறுப்புத் திரையுடனே இருக்கும். ராமைத் தனக்கேற்ப அளந்துகொள்கிறது. பொறுங்கள், இடையில் அணைக்காதீர்கள்.

மதர்போர்டில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்) என்று நாலு குட்டி விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பழைய போர்டில் ஸ்பீக்கர் இருந்தால் பீப் ஒலியைக் கேளுங்கள். ஒன்று நீளம், இரண்டு குறுகல் என்றால் பல போர்டுகளில் அது டிஸ்ப்ளே பழுது. விடாமல் திரும்பத் திரும்ப பீப் அடித்தால் பெரும்பாலும் ராம். பிரிண்டர், வெப் கேமரா, பென் டிரைவ், லேன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டும் ஒரு தடவை முயலுங்கள். ஷார்ட் ஆன ஒரு யுஎஸ்பி பொருளே பெட்டியை எழவிடாமல் செய்யும்.

ஆன் ஆகி, சில நிமிடத்தில் தானாக அணைகிறது

இது வெப்பம். தறி வீடுகளில் பஞ்சுத் தூசி ஹீட் சிங்க்கின் (பிராசஸர் மேல் இருக்கும், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்குகளில் அடைத்து, ஃபேனுக்குக் கீழே கம்பளி விரித்ததுபோல் படர்ந்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்று மட்டும் போகாது. பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஃபேனைக் கழற்றி, பஞ்சைப் பிரஷ்ஷால் எடுத்து, பிறகு பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஈரத்துணி வேண்டாம்.

இன்டெல் பிராசஸரோடு வரும் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் புஷ் பின்கள். அதில் ஒன்று உடைந்தாலோ எழும்பினாலோ கூலர் ஒரு பக்கம் தூக்கிவிடும். பயாஸுக்குள் போய் பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். 40, 50 டிகிரியில் நின்றால் சரி. கண் முன்னாலேயே 80-ஐத் தாண்டி ஏறினால் கூலர் ஒட்டவில்லை, அல்லது தெர்மல் பேஸ்ட் (பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை) காய்ந்துவிட்டது. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

தேதி மாறிவிட்டதா? அப்படியானால் அந்தச் சின்ன செல்

இந்த இடத்தில்தான் தேவையில்லாத ஃபார்மேட் நிறைய நடக்கிறது. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 செல் 3 வோல்ட் தரும். அது தீர்ந்தபின் கரண்ட் போனால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விடும். பல வருஷத்துக்கு முந்தைய தேதி காட்டும். எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். அதைவிடப் பெரிய தொல்லை, லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்ட விண்டோஸை யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் தேடினால் "பூட் டிவைஸ் இல்லை" என்று நிற்கும். சாட்டா அமைப்பு (மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐயில் இருந்து ரெய்டுக்கோ, ரெய்டில் இருந்து ஏஎச்சிஐக்கோ மாறியிருந்தால் நீலத் திரை வரும். டிஸ்க்கிலும் விண்டோஸிலும் ஒரு பழுதும் இருக்காது.

செல்லை அளந்து 2.8-க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்து, பூட் முறையையும் சாட்டா அமைப்பையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நன்றாக ஓடும்போதே பயாஸ் பக்கங்களை போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தத் தேடல் ஐந்து நிமிட வேலை.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். பயாஸை ரீசெட் செய்தால் அந்தப் பூட்டைப் போடும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய் எண் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு ரீசெட் செய்யுங்கள்.

டிஸ்க் தெரியவில்லை

பயாஸின் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சாட்டா கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் செருகுங்கள். எலி கடித்த ஒயரும் கிளிப் தளர்ந்த கேபிளும் டிஸ்க் செத்ததுபோலவே காட்டும்.

ஹார்ட் டிஸ்க் "டிக்... டிக்..." என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் உள்ளே தகட்டில் கீறல் விழலாம். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் அப்படியே கொடுங்கள். சத்தம் இல்லை, மெதுவாக மட்டும் இருக்கிறது என்றால் முதலில் நகல் எடுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் ஏற்றி, எஃப் 12 போன்ற பூட் மெனு விசையை அழுத்தி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓட்டினால் பழைய டிஸ்க்கில் உள்ள ஃபைல்கள் தெரியும். அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், நகர்த்தாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்டுவது, நகல் எடுத்த பிறகு செய்யும் வேலை.

விண்டோஸ் வரை வந்து நிற்கிறது

லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு தடவை செய்தால் மூன்றாவது தடவை பொதுவாக ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். இந்த வரிசையில் போங்கள்: முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். சமீபத்தில் அப்டேட் ஆன பிறகு தொடங்கிய பழுது என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். பிறகு சிஸ்டம் ரிஸ்டோர். அடுத்து ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் எண் 4-ஐ அழுத்தி சேஃப் மோட். அதில் நன்றாக ஓடினால், கடைசியாகப் போட்ட டிரைவரோ ஆன்டிவைரஸோதான் காரணம். நீக்குங்கள்.

ஃபைல்களை வைத்துக்கொண்டு ரீசெட் செய்யும் வசதியும் அங்கே உண்டு. அதில் டேலி உட்பட நீங்கள் போட்ட மென்பொருள்கள் நீங்கிவிடும், எனவே நகல் எடுத்தபின் மட்டும். புதிதாகவே போடுவதானால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதை மனதில் வையுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), குறைந்தது 4 ஜிபி ராம், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் தேவை. அதற்குத் தகுதியில்லாத பழைய பெட்டிக்கு லினக்ஸ் மின்ட்டும் ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) நல்ல வழி.

மலையில் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டில் ஈரமும் இடியும்தான் எதிரிகள். பனிமூட்டம் வீட்டுக்குள் வரும் நாட்களில், தூசியோடு ஈரம் சேர்ந்தால் அது மின்சாரம் கடத்தும் பசையாகிவிடும். பல நாள் அணைத்தே வைத்திருப்பதைவிட தினமும் அரைமணி நேரம் ஓடவிடுவது நல்லது, உள்வெப்பம் ஈரத்தை ஓட்டும். நீண்ட நாள் பூட்டியிருந்த எஸ்டேட் வீட்டில் கம்ப்யூட்டர் எழவில்லை என்றால், பக்கக் கதவைத் திறந்து வெயில்படாத காற்றோட்டத்தில் ஒரு நாள் உலரவிட்டு, ராமை ரப்பரால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கோடை மழை இடிக்கும் சாயங்காலங்களிலும் ஐப்பசி மழையிலும் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் உருவுங்கள். பலர் பவரை மட்டும் உருவுகிறார்கள். மின்னல் பக்கத்தில் விழும்போது நீளமான செம்புக் கேபிள் வழியாக ரவுட்டருக்கும், அங்கிருந்து மதர்போர்டின் லேன் போர்ட்டுக்கும் வந்துவிடும். இடி விழுந்த மறுநாள் கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் லேன் போர்ட்டில் கருகல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டுமானால், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகப் பொதியுங்கள். பெட்டியை மதர்போர்டு கீழ்ப்பக்கம் வருமாறு படுக்கவைத்து, சீட்டில் பெல்ட் போட்டு வையுங்கள். கூலரின் எடை பின்களை இழுக்காது. பைக்கில் காலுக்கு நடுவே வைத்து வருவது ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது. குளிரில் இருந்து கீழே வெக்கைக்கு வந்த பெட்டியின் மேல் நீர் கோக்கும். இரண்டு மணி நேரம் விட்டபிறகு ஆன் செய்யச் சொல்லுங்கள்.

கடையில் கொடுக்கும்போது எதுவரை பார்த்தீர்கள், எது சரியாக இருக்கிறது, எந்த விளக்கு நிற்கிறது, எஸ்எம்பிஎஸ் எத்தனை வோல்ட் காட்டியது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். "டிஸ்க்கை ஃபார்மேட் செய்யக் கூடாது" என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பழுது எஸ்எம்பிஎஸ்ஸிலோ மதர்போர்டிலோ என்று தெரிந்துவிட்டால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு பெட்டியை மட்டும் கொடுக்கலாம். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.